மகளின் வி.பி.என்.னும் நான் பார்த்த உத்தியோகமும்

சாய்ந்தமருது,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பும் கண்ணியமும் நிறைந்த மச்சான் அக்ரம் அவர்களுக்கு, உங்கள் உடன்பிறந்த ராத்தாவின் மாப்பிள்ளை ஷரிபுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹ். ஆண்டவனின் கிருபையால் நானும் உங்கள் ராத்தா நாச்சியாவும் மகள் ஸஹ்றாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கத்தாரின் வெயிலில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்துகிறோம்.

குரல் பதிவு அனுப்பாமல் மச்சான் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். நான் அனுப்புகிற குரல் பதிவுகளை நீங்கள் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதாக உங்கள் ராத்தா வாய் தவறிச் சொல்லிவிட்டாள். நான் இங்கே நிதானமாக, இடையில் இருமி, யோசித்துச் சொன்னதெல்லாம் தோஹாவில் கிளி கத்துகிற மாதிரிக் கேட்குமாம். கடுதாசியை அப்படி ஓடவிட ஏலாது. ஆறுதலாக வாசியுங்கள். மகள் இதைப் படம் பிடித்து அனுப்பிவைப்பாள்.

வியாழக்கிழமை நீங்கள் ஒரே வரியில் "மச்சான், பிணை கிடைச்சிட்டா?" என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பிணையும் இல்லை, வழக்கும் இல்லை. பக்கத்து வீட்டு அஸ்மியா தோஹாவில் இருக்கும் தன் புருஷனுக்கு ஒன்றைச் சொல்ல, அவர் அதைத் தன் அறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல, அவர்கள் பிரியாணிக் கடையில் உங்களுக்குச் சொல்ல, கடைசியில் என்னைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன கதையாக அது முடிந்திருக்கிறது. நடந்தது என்னவென்று அதில் அகப்பட்டவனே சொல்கிறேன்.

ஸஹ்றாவுக்குக் கொழும்புக் கம்பனி ஒன்றில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டு நோயாளிகளின் காப்புறுதிக் காகிதங்களைப் பார்த்துச் சரி பிழை சொல்கிற வேலை. வீட்டில் இருந்தே செய்யலாம் என்றார்கள். லெப்டொப் ஒன்றும் கூரியரில் வந்தது. முதல் நாள் காலையில் அதைத் திறந்த மகள் "முதல்ல வி.பி.என்.னப் போடணும்" என்றாளே பார்க்கலாம்! அரசாங்கம் ஒருமுறை பேஸ்புக்கைப் பூட்டி வைத்த நேரம் ஊரில் உள்ள இளந்தாரிகள் எல்லாம் இந்த வி.பி.என்.னைப் போட்டுத்தான் பின்கதவால் உள்ளே போனார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை காலங்காத்தால செய்கிற வேலையா இது என்று கேட்டேன்.

"வாப்பா, அது வேற, இது வேற. இது கம்பனிட. இதப் போட்டா எனக்கும் கொழும்பு ஒபிசுக்கும் நடுவுல ஒரு மூடின பாதை மாதிரி. நடுவால ஒருத்தரும் எட்டிப் பார்க்க ஏலா. நான் ஒபிசுக்குள்ளயே இரிக்கிற மாதிரித்தான்" என்றாள்.

நான் வட்டை விதானை. வயற்காரர்களுக்குத் தண்ணீர் பங்கிட்டுக் கொடுக்கிறவன். எனக்கு இது விளங்காதா? "அப்ப மூடின வாய்க்கால் எண்டு சொல்லு. வழியில உள்ளவன் வரம்ப வெட்டித் தண்ணியத் திருப்ப ஏலாது" என்றேன். "ஓம் வாப்பா, அப்படியே வச்சிக்கொள்ளுங்க" என்றாள். ஆனால் பாருங்கள் மச்சான், அவள் சொன்னதில் கடைசி வசனம்தான் என் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது. அன்றைக்குப் பள்ளிவாசல் முன்னால் உள்ள தேத்தண்ணிக் கடையில், மகள் காலையில் கொழும்பு ஒபிசுக்குள் போனால் பகல் சாப்பாட்டுக்குத்தான் வெளியில் வருகிறாள் என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அடுத்த நாளே ஒரு ஹாஜியார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குமர்ப் பிள்ளையை மஹ்ரம் துணை இல்லாமல் தினமும் கொழும்புக்கு அனுப்புவது மார்க்கத்துக்கு ஆகுமா என்று கேட்டார். அதற்கு நான் வாய்க்கால் கதையைச் சொல்லி விளங்கப்படுத்த, மகள் வாய்க்காலால் போகிறாளா என்று கேட்டார். இதற்கிடையில் அஸ்மியா எங்கள் வீட்டுக்கு வந்து, "ஸஹ்றா, நீ தினமும் கொழும்புக்குப் போற வாற தானே, வரக்குள்ள புறக்கோட்டையில ஒரு அபாயாத் துணி பார்த்துக்கொண்டு வா புள்ள" என்று நிறமும் சொல்லிவிட்டுப் போனாள்.

பாதை மூடியிருந்தாலும் சத்தம் போகும் என்பதை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். கம்பனிப் பெரியவர்களோடு மகள் கூட்டத்தில் இருக்கும்போது, சைக்கிளில் மீன் கொண்டு வருகிறவர் யன்னலுக்கு நேரே நின்று "கீரி! சூடை! துடிக்கிற மீன்!" என்று கூவ, கொழும்பில் ஒருவர் மிகவும் மரியாதையாக, ஸஹ்றாவுக்கு ஏதாவது அவசரமா என்று ஆங்கிலத்தில் விசாரித்திருக்கிறார். இன்னொரு நாள் உங்கள் ராத்தா சம்பல் அரைக்கவென்று கிரைண்டரைக் கொண்டுவந்து, வைஃபை பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சொருகினாள். உள்ளே மகள் அலறினாள். "சம்பல் அரைபடுற மட்டும் கொழும்பு நிண்டா கொழும்புக்கு என்ன குறைஞ்சி போகும்?" என்று உங்கள் ராத்தா கேட்டாள். நியாயமான கேள்விதான்.

இனித்தான் என் உத்தியோகம் வருகிறது. அந்த வி.பி.என். சும்மா திறக்காது மச்சான். கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகு, மகளின் போனில் ஆறு இலக்கத்தில் ஓர் எண் வரும், அதையும் கொடுக்க வேண்டும். அந்த எண் நின்ற இடத்தில் நிற்காது, கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடும். லெப்டொப் பின்னறையில், போன் முன் மண்டபத்தில் சார்ஜில். அதனால் மகள் உள்ளே இருந்து "வாப்பா, நம்பர்!" என்று கூப்பிடுவாள், நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசிப்பேன். வாசித்து முடிய முன்னம் எண் மாறிவிட்டால் திரும்பவும் வாசிப்பேன். காலையில் ஒருமுறை, பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை. உண்மையைச் சொன்னால், கொழும்புக் கம்பனியில் எனக்கும் ஒரு வேலை இருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டேன். பகல் நேரம் வயலுக்குப் போகிற நாட்களில்கூட, நம்பர் வாசிக்க வேண்டுமென்று மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நாள் வந்தது. மகள் லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். அவளுடைய போன் அடித்தது. எடுத்தேன்.

"ஹலோ, ஸஹ்றாவா?"

"ஸஹ்றாட வாப்பா. மகள் தொழுறா. ஆரு கதைக்கிற?"

"அஸ்ஸலாமு அலைக்கும் அங்கிள். நான் ஹெட் ஒபிசில டெக்னிக்கல் பிரிவு, முர்ஷித். ஸஹ்றாட வி.பி.என்.ல சின்னப் பிரச்சினை ஒண்டு ஈக்கிது. இப்பவே சரி செய்யாட்டி பின்னேரம் வேலை நிண்டுரும். அவட போன்ல ஆறு இலக்கம் ஒண்டு வரும், அதச் சொன்னா நான் இங்க ஈந்தே சரி செஞ்சிருவேன்."

'ஈக்கிது' என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது, இது நமது பக்கத்துப் பிள்ளை இல்லை. ஊர் பேர் விசாரிக்காமல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைப்பது மரியாதையா? "தம்பி எந்த ஊர்?" என்றேன்.

"கண்டிப் பக்கம் அங்கிள். நம்பர்…"

"கண்டியில எங்க? அக்குறணையில என்ட சாச்சாட மகன் கடை வச்சிரிக்கார்."

"கொஞ்சம் தள்ளி அங்கிள். அந்த நம்பர்…"

"பொறுங்க தம்பி, கண்ணாடி இல்லாம எப்படி நம்பர் வாசிக்கிற?"

கண்ணாடி குசினியில் இருந்தது. உங்கள் ராத்தா அதைப் போட்டுக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆரோட கதைக்கிறீங்க என்று கேட்டாள். ஒபிஸ் புள்ள என்றேன். சாப்பிட்டாராமா என்று கேட்கச் சொன்னாள். வந்து கேட்டேன். சாப்பிட்டேன் என்றார். என்ன கறி என்று கேட்டேன். பருப்பு என்றார். வெறும் பருப்போடு வேலை செய்கிற பிள்ளையை நினைத்து எனக்குக் கவலையாகப் போய்விட்டது.

பிறகு வாசிக்கத் தொடங்கினேன். "நாலு… ஏழு… ரெண்டு…"

"ஓம் அங்கிள், அடுத்தது?"

"அடுத்தது மாறிப் போச்சு தம்பி. இப்ப ஒண்டுல துவங்குது."

இப்படிப் பல தடவை நடந்தது. ஒரு தடவை போனின் மேல் ஓரத்தில் நின்ற மணியையும் சேர்த்து வாசித்துவிட்டேன். இன்னொரு தடவை பற்றரியில் மிச்சமிருந்ததையும் சேர்த்துவிட்டேன். "அங்கிள், ஆறு இலக்கம் மட்டும்தான்" என்று அவர் சொல்ல, "எனக்குத் தெரியும் தம்பி, இந்த வேலையில நான் பழசு" என்றேன். எண் மாறுவதற்குக் காத்திருக்கிற இடைவெளியில் சும்மா இருப்பானேன் என்று, கலியாணம் முடித்தாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றார். ஏன் என்றேன். "நம்பர் மாறிட்டா அங்கிள்?" என்றார். நல்ல உத்தியோகம், மரியாதையான பேச்சு, இன்னும் என்னத்துக்குக் காத்திருக்கிறீர், உம்மா வாப்பாவுக்கு வயது போகவில்லையா என்று, ஒரு மூத்தவன் சொல்ல வேண்டிய புத்தியெல்லாம் சொன்னேன். வாய்க்கால் தண்ணியும் வயதும் ஒன்று, போனது திரும்பாது என்றும் சொன்னேன். கடைசியில் அவர் களைத்துப்போன குரலில், "பரவால்ல அங்கிள், நான் பொறகு எடுக்கிறேன். துஆச் செய்ங்க" என்று வைத்துவிட்டார். எவ்வளவு பணிவான பிள்ளை என்று உங்கள் ராத்தாவிடம் சொன்னேன்.

மகள் தொழுதுவிட்டு வந்து லெப்டொப்பைத் திறந்தாள். சிவப்பு எழுத்தில் என்னவோ வந்தது. வி.பி.என். உள்ளே விடமாட்டேன் என்றது. பிழையான எண்ணைப் பல தடவை கொடுத்ததால் அவளுடைய கணக்கே பூட்டப்பட்டுவிட்டதாம். "வாப்பா, ஆராவது கோல் எடுத்தாங்களா?" என்று கேட்டாள். நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன்.

"வாப்பா! கம்பனில ஒருத்தரும் அந்த நம்பரக் கேக்க மாட்டாங்க. அவன் கள்ளன் வாப்பா!"

மச்சான், 'கள்ளன்' என்ற சொல் காதில் விழுந்தால் நம்மைப் போன்ற ஆக்கள் என்ன செய்வோம்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு "கள்ளன்! கள்ளன்!" என்று ஒழுங்கைக்கு ஓடினேன். ஊர் திரண்டது. அஸ்மியா உலக்கையோடு வந்தாள். "எங்க காக்கா கள்ளன்?" என்றாள். "போனுக்குள்ள!" என்றேன். சந்தியால் போய்க்கொண்டிருந்த பொலிஸ் ஜீப் கூட்டத்தைக் கண்டு திரும்பி வந்தது. கள்ளன் எங்கே என்று அவர்களும் கேட்டார்கள். போனுக்குள் என்று அவர்களுக்கும் சொன்னேன். என்னையும் மண்வெட்டியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, வெயிலுக்குள் நிற்காமல் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜீப் வந்த கதை இவ்வளவுதான். அதில் நான் ஏறவே இல்லை.

ஆனால் வீட்டுக்குள் வந்தபோது சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மகள் மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். சோறு வேண்டாம் என்றுவிட்டாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவளே நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குள்ள இரிக்கிறது நோயாளிகள்ட ரகசியம் வாப்பா. ஆருக்கு என்ன வருத்தம், என்ன மருந்து, எல்லாம். அந்த நம்பர என்னத் தவிர ஒருத்தரும் பார்க்கவே கூடாது எண்டு முதல் நாளே கையெழுத்து வாங்கினாங்க. நான்தான் எழும்பி வரப் பஞ்சியில உங்கள வாசிக்கச் சொன்ன. பிழை என்ட. வேலை போனா என்னாலதான் போகும்."

ஏசுவாள் என்று நினைத்துத்தான் போய் நின்றேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டபோதுதான் எனக்குத் தாங்கவில்லை. கொழும்புக்குப் பஸ் ஏறி, பெரியவரைக் கண்டு, குற்றம் என்னுடையது, பிள்ளையை விடுங்கள் என்று சொல்வோம் என்று நினைத்துச் சட்டையை ஸ்திரிக்கை போட்டு வைத்தேன்.

பஸ் ஏறத் தேவைப்படவில்லை. அடுத்த நாள் காலையில் கம்பனியின் பாதுகாப்புப் பிரிவிலிருந்து வினோஜா என்ற பிள்ளை எடுத்தாள். முதலில் வானொலியில் செய்தி வாசிப்பது போலத்தான் கதைத்தாள். "சம்பவத்தை ஆரம்பத்திலிருந்து கூறுங்கள் ஐயா" என்றாள். நான் கூறக் கூற அவளுடைய தமிழ் இளகிக்கொண்டே வந்தது. "மறுகா என்ன செஞ்ச நீங்க?" என்று அவள் கேட்டதும், இது நமது பக்கத்துப் பிள்ளை என்று பிடித்துவிட்டேன்.

"மகள் எந்த ஊர்?"

"காரைதீவு அங்கிள்."

பக்கத்து ஊர்! கூப்பிட்டால் கேட்கிற தூரம்! அவளுடைய பெரியப்பாவின் வயல் என் வட்டையில்தான் கடைசித் துண்டு. பெரியப்பாவின் சுகம் விசாரித்தேன், நெல் எப்படி என்று கேட்டேன். இதெல்லாம் பதிவாகிறது அங்கிள் என்றாள். பதிவாகட்டும், நல்ல விசயம்தானே என்றேன்.

பகலைக்குப் பிறகு வீடியோவில் விசாரணை என்றார்கள். ஸ்திரிக்கை போட்ட சட்டை அதற்கு உதவியது. தொப்பியும் போட்டுக்கொண்டேன். உங்கள் ராத்தா யன்னலில் நின்று மீன்காரரைத் தடுக்கக் காவல் இருந்தாள். திரையில் பெரியவர் ஒருவர், அவருக்குத் தமிழ் தெரியாது. வினோஜா மொழிபெயர்த்தாள். நான் ஒன்றையும் மறைக்கவில்லை. கண்ணாடி, பருப்புக் கறி, பற்றரி, கலியாணம், எல்லாம் சொன்னேன். கடைசியில், "எண் வாசிச்சது நான். புள்ள செஞ்ச பிழை, வாப்பாவ நம்பினது மட்டும்தான்" என்றேன். வினோஜா அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள். பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். அழுகிறாராக்கும் என்று நினைத்தேன். பார்த்தால் மனிசன் சிரிக்கிறார்! எனக்குக் கோபம் வந்தது. பிறகு அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதை வினோஜா தமிழில் சொன்னாள்: "அங்கிள், உங்கள மாதிரி வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா கள்ளன்மார் வேற தொழில் பார்க்கப் போயிருவாங்களாம்."

வேலை போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். மகளுக்கு ஓர் எச்சரிக்கை மட்டும். இனிமேல் அந்த எண்ணே இல்லை. சாவி மாதிரி ஒரு சின்னக் குச்சி அனுப்பியிருக்கிறார்கள். அதை அவளே லெப்டொப்பில் சொருகி, அவளே தன் விரலால் தொட்டால்தான் பாதை திறக்கும். ஆக, நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முதல் இரண்டொரு நாள் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் சும்மா இருந்தேன். மகள் கண்டுவிட்டு, பகல் சாப்பாட்டு நேரம் வந்து பக்கத்தில் இருந்து கதைத்துவிட்டுப் போகிறாள். முன்பு நம்பரைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். இது அதைவிட நல்லது.

அந்த முர்ஷித் என்ற கள்ளனை மட்டும் நான் மன்னிக்கவில்லை. முர்ஷித் என்றால் நேர்வழி காட்டுகிறவர் என்று பொருள். அந்தப் பேரையா இவன் வைத்துக்கொள்வது! சர்வதேசக் கள்ளர் கூட்டம் ஒன்றின் தலைவனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒன்று மச்சான், அவனை நான் வென்றுவிட்டேன். ஊரில் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஹாஜியாரும் இப்போது என்னைக் கண்டால் எழும்பி நிற்கிறார். அந்தக் குரலை மட்டும் எங்கே கேட்டாலும் பிடித்துவிடுவேன். பிடித்தால் விடமாட்டேன். தோஹாவில் உள்ளவர்களுக்கும் இதை அப்படியே சொல்லுங்கள். பிரியாணிக் கடையில் கொஞ்சம் உரத்துச் சொல்லுங்கள்.

மஃரிப் தொழுகைக்கு நேரமாகிறது, முடிக்கிறேன். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பறக்கத்தையும் உடம்பில் ஆஃபியத்தையும் தருவானாக. அங்கே உள்ள நம் ஊரார் எல்லாருக்கும், வதந்தி பரப்பியவர்கள் உட்பட, என் ஸலாம். உங்கள் ராத்தா ஸலாம் சொல்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறாள், வெறும் பருப்போடு நிறுத்த வேண்டாமாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மச்சான்,
ஷரிபுதீன்.

பி.கு.: மாமா, இது ஸஹ்றா. வாப்பா பள்ளிக்குப் போயிட்டார். படம் பிடிக்க முன்னம் கெதியா இதத் தனிப் பக்கத்துல எழுதுறன். கள்ளன் ஒருத்தனும் இல்ல மாமா. அது கம்பனியே வச்ச சோதனை. வீட்டுல இருந்து வேலை செய்யிற ஆக்கள் நம்பர வெளியில சொல்லுறாங்களா எண்டு பார்க்க, எல்லாருக்கும் இப்படி எடுத்திருக்காங்க. முடியிற மட்டும் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதாம், அதால வினோஜா போன கிழமைதான் எனக்குச் சொன்னா. வாப்பாக்குச் சொல்ல எனக்கு மனசு வரல்ல. முர்ஷித் எண்டு கதைச்சவர்ட உண்மையான பேர் அஸ்ஹர், வினோஜாவோட ஒரே பிரிவுல வேலை. மன்னிப்புக் கேக்க எனக்கு ஒரு கோல் எடுத்தார். அது அதோட நிக்கல்ல. கலியாணம் முடிக்காதது ஏன் எண்டு வாப்பா கேட்ட கேள்விய அவர் வீட்ட போய் உம்மாக்கிட்டச் சொல்லியிருக்கார். அவங்களும் அதே கேள்வியத்தான் கேக்கிறாங்களாம். வாற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி அவங்க குடும்பத்தோட பொண் பார்க்க எங்கட வீட்ட வாறாங்க. உம்மாக்கு எல்லாம் தெரியும். வாப்பாக்கு, கண்டிப் பக்கம் நல்ல மாப்பிள்ளை எண்டு மட்டும்தான் தெரியும், சந்தோசமா இரிக்கார்; பேச்சு முடியாம எழுதக்கூடாது எண்டு உம்மா சொன்னதால கடுதாசியில எழுதல்ல. தொண்டை கட்டிப் போச்சு எண்டு சொல்லி வாயத் திறக்காம இருக்கச் சொல்லி அஸ்ஹருக்குச் சொல்லியிருக்கன். ஆனா வாப்பா ஊர் பேர் கேக்காம விடுவாரா? நீங்க லீவு போட்டு வந்து, மாப்பிள்ளைக்குப் பக்கத்துல இருந்து, அவருக்குப் பதிலா நீங்க கதைக்கணும் மாமா. டிக்கட் போட்டுட்டுச் சொல்லுங்க. வாப்பா கேட்டா, இந்தப் பக்கம் உங்களுக்கு வரவே இல்ல.